கண்டக்டரின் காதும் ஒரு மில்லி ஆம்பியரும்

2025 ஜனவரி 6, திங்கள்

ஓ.பி.யில் இன்று ஓய்வுபெற்ற அரசு பஸ் கண்டக்டர் ஒருவர். உசிலம்பட்டிப் பக்கம், வயது 63. கழுத்தில் காலர் பட்டை. மனைவியின் கையில் மஞ்சப்பை நிறையப் பழைய சீட்டுகள். நரம்புக்கு, கழுத்து எலும்புக்கு, பி.பி.க்கு, பயத்துக்கு என்று தனித்தனி வைத்தியம் நடந்திருக்கிறது. எல்லாச் சீட்டிலும் முதல் வரி ஒன்றுதான்: தலைசுற்றல்.

“தலை சுத்துதா அண்ணே?”

“சுத்தலையே மேடம். அதைத்தான் பத்து வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். தலை சும்மாத்தான் இருக்கு. நடந்தா ரோடு குலுங்குது.”

இந்தச் சொல் போதும், பாதி நோய் பிடிபட்டுவிடும். மீதியை அவரே சொன்னார். நின்று பார்த்தால் பஸ் போர்டு தெரிகிறது, நடந்துகொண்டே பார்த்தால் எழுத்து எகிறுகிறது. முறுக்கு கடித்தால் டிவியில் செய்தி வாசிப்பவர் முகம் அதிர்கிறது. பகலில் சமாளிக்கிறார். கரண்ட் போனால் சுவரைத் தொடாமல் ஓர் அடி வைக்க முடியவில்லை. மார்கழி விடியலில் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். “இருட்டுல நான் நடக்கிறதப் பாத்துட்டு, ரிட்டயர்டு ஆனதும் குடிக்கப் பழகிட்டான்னு ஊர்ல பேசுறாக.” மனைவி தரையைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: “வாடை அடிக்குதான்னு மோந்து பாத்தவுகளும் உண்டு.”

மஞ்சப்பையின் அடியில் நான் தேடியது கிடைத்தது. 2014-இல் காசநோய் இரண்டாம் முறை வந்திருக்கிறது. மறுசிகிச்சையில் மாத்திரைகளோடு, முதல் இரண்டு மாதம், வாரத்துக்கு 3 என்ற கணக்கில் 24 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அன்று நாடு முழுக்க அதுதான் முறை. நுரையீரல் சுத்தமாகிவிட்டது. இவர் உயிரோடு என் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஊசியும் ஒரு காரணம். அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

“ஊசி போட்டப்ப காது ஏதும் மந்தமாச்சா?”

“இல்ல மேடம். இன்னிக்கும் பாம்புக் காது.”

அதுதான் வினையே. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் உட்செவியில் கேட்கும் பகுதியை விட்டுவிட்டுச் சமநிலைப் பகுதியை மட்டும் அரித்துவிடக்கூடியவை. காது நன்றாகக் கேட்கிறதே என்று பத்து வருடமாக யாரும் காதுப் பக்கமே வரவில்லை. நாளைக்குப் பரிசோதனை. காலர் பட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

வீடியோ ஹெட் இம்பல்ஸ் எடுத்தோம். கேமரா வைத்த கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நல்ல காது என்றால் தலை திரும்பும் அதே வேகத்தில் கண் எதிர்ப்பக்கம் நகரும். காதிலிருந்து கண்ணுக்கு இந்தக் கட்டளை போய்ச்சேர நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான். நாம் நடந்துகொண்டே போர்டு படிக்க முடிவது இதனால்தான். அளவு 1-ஐ ஒட்டி வர வேண்டும். இரு பக்கமும் 0.6-க்குக் கீழே இறங்கினால் இரு காதிலும் சமநிலை போய்விட்டது என்று கொள்ளலாம். பாரானி சங்கம் 2017-இல் வகுத்த எல்லை அது. இவருக்கு வலது 0.14, இடது 0.11.

பிறகு காதில் தண்ணீர் விட்டோம், 30 டிகிரியில் ஒரு முறை, 44-இல் ஒரு முறை. நல்ல காதுள்ளவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, போதும் என்று கெஞ்சுவார். இவர், “குளுகுளுன்னு இருக்கு மேடம்” என்றார். இந்தச் சோதனையைக் கண்டுபிடித்ததற்காக ராபர்ட் பாரானிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி முகாமில் இருந்தார்.

விளக்கிச் சொன்னேன். ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வது அவற்றின் வேலை. பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள் படிந்த இரண்டு சிறு பைகள். பிரேக் போடுவதும், வண்டி சரிவில் சாய்வதும், எது மேல் எது கீழ் என்பதும் அவற்றுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் உணர்வது நுண்ணிய மயிர்ச் செல்கள். ஊசி மருந்து கொன்றது அந்தச் செல்களை. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

“அப்ப இத்தனை வருசம் பஸ்ஸுல கம்பியப் புடிக்காம டிக்கெட் கிழிச்சதெல்லாம் காதாலயா?”

“காலால பாதி, காதால மீதி.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல: கிணற்றில் நீந்தலாமா? கூடவே கூடாது என்றேன். தண்ணீருக்குள் காலுக்குத் தரை இல்லை, கலங்கலில் கண்ணுக்கும் வேலை இல்லை. காதும் இல்லாவிட்டால் மேலே வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடிக்கே போய்விடுவார்கள். இந்த நோயில் உயிரையே கொண்டுபோய்விடக்கூடிய விஷயம் அது.

இவரைப் பார்க்கும்போது 1952-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் தன் பெயரைச் சுருக்கிப் போட்டு எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. அவருக்கும் ஸ்ட்ரெப்டோமைசின்தான். படுக்கையில் புத்தகம் படிக்கத் தலையைக் கட்டில் கம்பிகளுக்கு இடையே முட்டுக் கொடுத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் சொந்த இதயத் துடிப்பே எழுத்தை ஆட்டிவிடும். பேருந்தே ஏறாத அந்த அமெரிக்கக் கட்டிலும் உசிலம்பட்டி டிவியும் ஒரே நோயைத்தான் சொல்கின்றன.

ஜனவரி 9, வியாழன்

கண்டக்டரின் மகன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். கம்ப்யூட்டர் வேலை. இரண்டு நாளாக இணையத்தைக் குடைந்திருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

“மேடம், காதுக்குப் பின்னால ஒட்டி கரண்ட் விடுற ஹெட்செட் இருக்குல்ல, சமநிலை நரம்பைத் தூண்டுறது. அப்பாவுக்கு வாங்கிரட்டுமா? வீடியோல ஒருத்தர் 9 வோல்ட் பேட்டரியிலேயே செஞ்சு காட்டுறார்.”

பேட்டரி பக்கம் போகவே கூடாது என்று முதலில் சொன்னேன். தோலின் தடை ஆளுக்கு ஆள், ஈரத்துக்கு ஈரம் மாறும். மின்னோட்டத்தை அளந்து பூட்டி வைக்காத எதையும் தலையில் வைக்கக்கூடாது, புண்ணாகிவிடும். மற்றதைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன், திங்கட்கிழமை போய் அடுத்த திங்கள் அப்பாவோடு வா என்றேன்.

இரவு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். 2016-இல் சாம்சங் ‘என்ட்ரிம் 4டி’ என்று ஒரு ஹெட்போனைக் காட்டியது. மெய்நிகர் விளையாட்டில் வண்டி திரும்பும்போது காதில் சிறு மின்னோட்டம் விட்டு, உடம்பும் திரும்புவதாக உணரவைப்பது. அதே ஆண்டு ‘வி-மோஷன்’ என்ற நிறுவனம் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிறந்த தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொண்டு அதே வித்தையோடு வந்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் நியூரோவேலன்ஸ், ‘மோடியஸ்’ என்ற தலைப்பட்டையை 2017-இல் உடல் எடை குறைக்க என்று மக்களிடம் பணம் திரட்டி விற்றது. 2023-இல் அமெரிக்க மருந்துத் துறை அவர்களுடைய இன்னொரு பட்டைக்குத் தூக்கமின்மைக்காக அனுமதி கொடுத்தது. விளையாட்டு, எடை, தூக்கம். சமநிலை நரம்பின் பெயரைச் சொல்லி வந்த இத்தனையிலும், சமநிலை போனவருக்கு என்று ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஓ.பி. பாதி காலி. வோல்ட்டாவைப் படித்தேன்.

மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான் காதில் கரண்ட் விட்டுப் பார்த்ததிலும் முதல் ஆள். 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சொல்கிறார். 30, 40 அடுக்கு வைத்த தன் மின்கலத்தின் இரு முனைகளையும் உலோகக் குச்சிகளில் சேர்த்து, குச்சிகளை இரண்டு காதிலும் சொருகிக்கொண்டார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. அப்புறம் கெட்டியான கூழ் கொதிப்பது போன்ற சத்தம். மூளைக்கு ஆபத்து என்று பட்டதால் மறுபடி அதைச் செய்யவில்லை என்கிறார். புத்திசாலி.

ஆனால் வோல்ட்டா கேட்டது சத்தத்தைத்தான். மின்சாரம் தலைசுற்றலைத் தரும் என்பதைச் செக் நாட்டு புர்க்கின்யே 1820 வாக்கில் ஆராய்ந்தார். 1871-இல் ஜெர்மனியின் ஹிட்சிக், மின்னோட்டம் விட்டால் கண் ஒரு பக்கமாக இழுபட்டு இழுபட்டுத் துடிப்பதை எழுதிவைத்தார். இதையெல்லாம் செய்தபோது உட்செவியில் சமநிலை உறுப்பு இருக்கிறதா என்பதிலேயே பலருக்குச் சந்தேகம். பாரிஸ் மருத்துவர் மெனியேர், தலைசுற்றல் மூளையிலிருந்து மட்டுமல்ல, காதிலிருந்தும் வரலாம் என்று சொன்னதே 1861-இல்தான்.

ஜனவரி 11, சனி

இன்று நானே கரண்ட் வாங்கிக்கொண்டேன்.

பொறியியல் கல்லூரியில் பயோமெடிக்கல் துறையில் இருக்கும் தோழியின் ஆய்வகம். அவளுடைய மாணவனின் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறது, ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டைப் பஞ்சால் துடைத்து, ஜெல் தடவி, இரு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டினான். வலது நேர்மின்வாய், இடது எதிர்மின்வாய். ஒரு மில்லி ஆம்பியர். இந்தக் கருவி எவ்வளவு தடை வந்தாலும் அதற்கு மேல் விடாது. கண்ணை மூடி, பாதங்களைச் சேர்த்து நின்றேன்.

முதலில் தோலில் சுருசுருவென்று ஓர் அரிப்பு. நாக்கில் லேசான உலோகச் சுவை. அடுத்த கணம் தரை இடது பக்கம் இறங்கியது. இறங்கியதாக நான் எண்ணவில்லை, எனக்குச் சந்தேகமே வரவில்லை, இறங்கியது. உடம்பு என்னைக் கேட்காமலே வலது பக்கம் சாய்ந்து ஈடுகட்டியது. பின்னால் நின்ற மாணவன் தோளைப் பிடித்தான். கரண்டை நிறுத்தியதும் நேராகிவிட்டேன்.

நடந்தது இது. எதிர்மின்வாய் இருக்கும் காதில் நரம்பு வேகமாகத் துடிக்கும், நேர்மின்வாய் இருக்கும் காதில் மந்தமாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துத்தான் மூளை தலையின் நிலையை அறிகிறது. இடது அதிகம் என்றால் இடது பக்கம் விழுகிறோம் என்று அதற்கு அர்த்தம். உடனே வலது பக்கம் தள்ளுகிறது. ஆட்கள் எப்போதும் நேர்மின்வாய்ப் பக்கமே சாய்வது இதனால்தான். கருவி என்னைத் தள்ளவில்லை. விழாத என்னை விழுவதாக மூளையிடம் சொன்னது, தள்ளியது நான்.

பிறகு மாணவன் தலையை மட்டும் இடது பக்கம் முழுக்கத் திருப்பிக்கொள்ளச் சொன்னான். பட்டைகளை மாற்றவில்லை, மின்னோட்டமும் அதே. இந்த முறை நுனிக்காலுக்கு முன்னோக்கிச் சாய்ந்தேன். வலது காது இப்போது உடம்புக்கு முன்பக்கம் இருக்கிறதே! காது சொல்வது தலையின் கணக்கு. கழுத்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து, அதை உடம்பின் கணக்காக மூளை மாற்றிக்கொள்கிறது. புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். என் கால்விரல்கள் தரையைக் கவ்வியபோது வேறு விதமாகப் புரிந்தது.

அடுத்ததைத்தான் ரொம்ப நேரம் செய்துகொண்டிருந்தோம். மேசை விளிம்பில் ஒரு விரல் நுனியை வைத்துக்கொள்ள வேண்டும். ஊன்றக்கூடாது, தொட வேண்டும், அவ்வளவே. அதே மின்னோட்டத்தில் சாய்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. தாங்கும் அளவுக்கு விரலில் பலமே கொடுக்கவில்லை. மேசை எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் தோலின் வழியே போகிறது, காது சொல்லும் பொய்யை மூளை பாதி தள்ளுபடி செய்துவிடுகிறது. ஜெக்காவும் லாக்னரும் 1994-இல் இந்த விரல் நுனித் தொடுகையை அளந்து எழுதியிருக்கிறார்கள். கண்டக்டருக்கு இது புதிதாக இருக்காது. ஓடும் பஸ்ஸில் இடுப்பை சீட்டு விளிம்பில் லேசாகப் பட வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் சில்லறை எண்ணியவர்.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டி ஓட்டவில்லை. ஆட்டோ.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்றைய அனுபவத்திலிருந்து ஒன்று தெளிவாகிவிட்டது. தோலின் மேல் ஒட்டும் கருவிக்கு என் தலை எங்கே போகிறது என்று தெரியாது. தெரியாமலே பேசுகிறது. இரண்டு காதின் எல்லா நரம்பிழைகளையும் ஒரே மொத்தமாகத் தூண்டுகிறது, எந்தக் குழல், எந்தப் பை என்ற பேதமில்லை. ஏற்கெனவே நன்றாக இருக்கும் சமநிலையைக் குலைக்க வேண்டுமானால் இதைவிடக் கெட்டிக்காரக் கருவி இல்லை. விண்வெளியிலிருந்து திரும்பியவர்களுக்குச் சில நாள் தலையும் தரையும் பொருந்தாது. அந்தத் தடுமாற்றத்தைத் தரையிலேயே உண்டாக்க, ஷட்டில் தரையிறக்கும் பயிற்சிக் கருவியில் விமானிகளை உட்காரவைத்து இதே மின்னோட்டத்தை விட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல உபயோகம்தான்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வாதம் உண்டு. உணரவே முடியாத அளவுக்கு மெல்லிய, ஒழுங்கற்ற இரைச்சல் மின்னோட்டத்தை விட்டால் சிலருக்குத் தள்ளாட்டம் குறைகிறது. பலவீனமான சமிக்ஞை, கொஞ்சம் இரைச்சலின் துணையோடு வாசலைத் தாண்டிவிடும் என்பது கருத்து. சோதனைச் சாலைகளில் உண்மையாகவே பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் சரியான அளவு வேறு, பலன் சிறியது, காதில் சமிக்ஞை கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். 0.11-இல் எவ்வளவு மிச்சம்? ஒரு பட்டையை வாங்கித் தலையில் கட்டிவிட்டு, குணமாகிவிட்டது என்று அவர் கிணற்றுப் படியில் இறங்கினால் யார் பொறுப்பு?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அவனியாபுரம் ஜல்லிக்கட்டு சத்தம் மாடியில் நின்றால் கேட்கிறது. கண்டக்டர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். கட்டை விரலை நீட்டி, நகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டும் பயிற்சியை மூன்று வேளையும் செய்கிறாராம். “பேரன் என்னைப் பாத்து, தாத்தா வேணாம் வேணாம்ங்குதுன்னு சிரிக்கிறான்.”

ஜனவரி 16, வியாழன்

நான்கு நாள் விடுமுறையில், உட்செவிக்குள் பதிக்கும் கருவிகளைப் பற்றிப் படித்து முடித்தேன். கதையே வேறு.

மருந்து கொன்றது மயிர்ச் செல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பு பலருக்கும் உயிரோடு இருக்கிறது. எல்லா நம்பிக்கையும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். 1960-களில் கோஹனும் சுசுகியும் ஒரு குழலுக்குரிய நரம்பை மட்டும் தூண்டி, கண் அந்தக் குழலின் தளத்திலேயே நகர்வதைக் காட்டினார்கள். அப்படியானால் மூன்று குழலுக்கும் தனித்தனி மின்வாய் வைத்து, தலையில் ஒரு சுழற்சி உணரியைப் பொருத்தி, தலை திரும்பும் தகவலை நேரே நரம்புக்குக் கொடுக்கலாம். காது கேளாதவருக்கு வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட்டின் தம்பி. முதன்முதலில் மனிதருக்குப் பதித்தது ஜெனீவா குழு, 2007-இல். பிறகு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் சியாட்டில் 2010-இலும், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டெல்லா சான்டினாவின் குழு 2016-இலும் தொடங்கின.

இதில் என்னை நிறுத்திய நுணுக்கம் ஒன்று. தலை அசையாதபோதும் கருவி துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரோக்கியமான சமநிலை நரம்பு சும்மா இருப்பதில்லை. குரங்குகளில் அளந்தால் ஓய்விலேயே நொடிக்குச் சுமார் 90, 100 துடிப்பு. ஒரு பக்கம் திரும்பினால் அது கூடும், மறுபக்கம் திரும்பினால் குறையும். துடிப்பே இல்லாத நரம்பில் எதைக் குறைப்பது? ஆகவே அடிப்படைத் துடிப்பு ஒன்றை எப்போதும் ஓடவிடுகிறார்கள். முதல்முறை அதைப் போடும்போது நோயாளிக்கு உலகமே சுழலும். சில மணி நேரத்தில் மூளை அதையே அமைதி என்று ஏற்றுக்கொண்டுவிடும். அதன்பின் ஒரு காதில் பதித்த கருவியே இரண்டு திசையையும் சொல்ல முடிகிறது. எட்டு பேருக்கு ஹாப்கின்ஸில் இதைப் பதித்து, இரவும் பகலும் ஓடவிட்டு, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். நிற்பது, நடப்பது, வாழ்க்கை எல்லாம் மேம்பட்டன. எட்டு பேரில் ஏழு பேருக்குச் சமநிலை போனது நம் கண்டக்டரைப் போல மருந்தால்தான்.

விலையும் உண்டு. பதித்த காதில் கேட்கும் திறன் எல்லோருக்கும் கொஞ்சமாவது குறைந்தது. ஐந்து பேருக்குப் பேச்சு கேட்கும் அளவு மிஞ்சியது, மூவருக்குப் பெருமளவு போய்விட்டது. குழல்களும் காக்ளியாவும் ஒரே திரவத்தில் இருப்பவை, ஒன்றைத் துளைத்தால் மற்றதுக்கும் ஆபத்து. பாம்புக் காதுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது?

என் வாதத்தில் ஒரு முள்ளும் குத்தியது. ஸ்பெயினின் லாஸ் பால்மாஸில் ராமோஸ் மசியாஸின் குழு, குழல்களை விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் துகள் பைகளின் நரம்பைத் தூண்டுகிறது. அதில் சுழற்சி உணரியே இல்லை. மாறாத ஒரே துடிப்பு. தலை எங்கே போகிறது என்று தெரியாத அந்தக் கருவியும் நோயாளிகளை நிமிர்ந்து நடக்க வைத்திருப்பதாக எழுதுகிறார்கள். இலக்கில்லாமல் தூண்டுவதால் பயனே இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்ததை அவ்வளவு அழுத்திச் சொல்ல முடியாது போலிருக்கிறது. ஆனால் அங்கே மின்வாய் நரம்பை ஒட்டிப் பக்கத்தில் இருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்து வைத்தது. கடையில் வாங்கும் பட்டைக்கு அதைச் சாட்சி கூப்பிட முடியாது.

ஜனவரி 20, திங்கள்

மூவரும் வந்தார்கள். மகன் கையில் அச்செடுத்த தாள்கள்.

தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்: ஹெட்செட் வேண்டாம். அது தூக்கத்துக்கும் விளையாட்டுக்கும் செய்தது. அப்பாவுக்கு வேண்டியது தலை நகர்வதைச் சொல்லும் கருவி. அப்படிச் சொல்வது உட்செவிக்குள் பதிக்கும் கருவிதான், அது இன்னும் ஆய்வுக்காரர்கள் கையில் இருக்கிறது.

கண்டக்டர் விடவில்லை. “காது கேக்காத புள்ளைகளுக்கு அரசாங்கக் காப்பீட்டுலயே வைக்கிறாகளே மேடம். எங்க தெருவுலயே ஒரு பொண்ணுக்கு வச்சாக. அது மாதிரி எனக்கு வைக்கக் கூடாதா?”

நியாயமான கேள்வி. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் வைக்கும் மாநிலம் இது. அறுவைச் சிகிச்சை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கருவியைப் பொருத்திப் பழக்கும் எங்களைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். காக்ளியருக்கும் இந்த இடத்துக்கு வரப் பாரிஸில் 1957-இல் முதல் முயற்சி நடந்ததிலிருந்து பல பத்தாண்டுகள் ஆயின. இது அந்தப் பாதையில் முன்பகுதியில் நிற்கிறது என்றேன். கேட்கும் காதைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். மனைவி உடனே, “அப்ப வேணாம். பேரன் கூப்பிட்டா கேக்கணும்ல” என்றார். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்து அட்டையைப் படிக்க வைத்தேன். தலையை நான் நொடிக்கு இரண்டு முறை ஆட்டிக்கொண்டிருக்கும்போது, அசையாமல் படித்ததைவிட எத்தனை வரி குறைகிறது என்பது கணக்கு. இரண்டு வரி வரை குறைவது வழக்கம். முதல் நாள் அவருக்கு ஐந்து வரி போயிற்று, இன்று நான்கு. ஒரு வரி வெற்றிதான், கொட்டு மேளம் வேண்டாம். காது திரும்பவில்லை. கழுத்தும் கண்ணும் வேறு வழி கற்கின்றன.

மகனுக்குப் பட்டியல் கொடுத்தேன். ஹெட்செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, கரண்ட் போனால் தானே எரிகிற வகையில். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி. மெல்லிய, தட்டையான அடியுள்ள செருப்பு. ஒரு கைத்தடி, ஊன்றுவதற்கு அல்ல, தரையைத் தொட்டுக்கொண்டே போவதற்கு. டார்ச். கிணற்றுப் பக்கம் போகவே வேண்டாம். விரல் நுனி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் கண்டக்டர் குறுக்கிட்டார்: “அது தெரியும் மேடம். சீட்டுல இடுப்பு பட்டா போதும், வண்டி எப்படித் திரும்பினாலும் ஆளு விழமாட்டான்.”

மகன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்ட ஒரு சான்றிதழ் கேட்டான். இதற்கெல்லாம் படிவம் கிடையாது. லெட்டர்பேடில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்: இவர் தள்ளாடுவது உட்செவி பாதிப்பால், மதுவால் அல்ல. கையெழுத்து, முத்திரை. அவர் அதை இரண்டாக மடித்து, டிக்கெட் வைத்துப் பழகிய சட்டைப் பையில் வைத்தார்.

ஜனவரி 22, புதன்

கண்டக்டருக்குக் கொடுத்த அந்தக் காசநோய் மறுசிகிச்சை முறையை உலக சுகாதார நிறுவனம் 2017-இலேயே கைவிடச் சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் போய்விட்டது. மருந்துக்கு அசையாத காசநோய்க்கும் இப்போது பெடாகுலின் சேர்ந்த மாத்திரை முறை வந்திருக்கிறது. ஆனால் ஜென்டாமைசினும் அமிகாசினும் வார்டுகளில் தினமும் ஓடுகின்றன. மலிவானவை, உயிர் காப்பவை, சில நேரம் மாற்றும் இல்லை. மெனியேர் நோயில் அடங்காத தலைசுற்றலை நிறுத்த நாங்களே ஜென்டாமைசினை நடுச்செவிக்குள் செலுத்தி அந்தக் காதின் சமநிலையை வேண்டுமென்றே அடக்குகிறோம். அதன் வல்லமை எங்களுக்குத் தெரியாததல்ல. படுக்கையில் இருக்கும் நோயாளிக்குப் பாதிப்பு தெரியாது. வீட்டுக்குப் போய் எழுந்து நடக்கும்போது தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

வார்டுத் தலைவரிடம் பேசினேன். இந்த ஊசிகள் சில நாளுக்கு மேல் தொடரும் ஒவ்வொருவருக்கும், தொடங்கும்போதும் பிறகு அவ்வப்போதும், தலையை ஆட்டி அட்டை படிக்கும் சோதனையை நர்சுகளே செய்ய ஒப்புக்கொண்டார். ஓர் அட்டையும் ஒரு நிமிடமும் போதும். கரண்டும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

சுவரில் ஒட்ட எழுதியது:

ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொள்பவர்களே! நடக்கும்போது எழுத்துகள் குலுங்கினாலோ, இருட்டில் தள்ளாடினாலோ, காது நன்றாகக் கேட்டாலும்கூட, அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.